பூட்டிய படகுத்துறையும் திறந்த வடிகாலும்

ஏரி நீர் பச்சை பிடித்து, விடியற்காலையில் மீன்கள் செத்து மிதந்தால், கிள்ளான் பள்ளத்தாக்கில் பெரும்பாலும் முதல் நடவடிக்கை படகுத்துறையின் மீதுதான் பாயும். மிதிபடகுகளைக் கரையேற்றிக் கவிழ்த்து வைப்பார்கள். 'பஹாயா' (ஆபத்து) என்று சிவப்பில் எழுதிய பலகையை நடுவார்கள். இதற்கு எதிர்ப்பும் அதிகம் எழாது. "முதலில் ஏரி சுத்தமாகட்டும், அப்புறம் படகு விடலாம்" என்ற பேச்சு எல்லார் காதிலும் நியாயமாகவே விழுகிறது. பிரிக்பீல்ட்ஸ் உணவுக்கடையில் இதைப் பேச்சுக்கு எடுத்தால், "நம்ம ஜனங்கள விட்டா நாறடிச்சிடுவாங்க சார், மூடி வைக்கிறதுதான் நல்லது" என்று பக்கத்து மேசைக்காரரும் சேர்ந்துகொள்வார்.

இந்தப் பேச்சு தவறு என்று எழுதவே இந்தக் கட்டுரை. அழுக்கு எந்த வழியாக வருகிறது என்பதை அந்தப் பேச்சு தவறாகச் சொல்கிறது. அந்த அழுக்கை நிறுத்தும் அழுத்தம் யாரிடமிருந்து வரும் என்பதையும் தவறாகவே புரிந்துவைத்திருக்கிறது. இரண்டாவது தவறுதான் பெரியது.

முதலாவதை முதலில் பார்ப்போம். நல்ல வெயிலுக்குப் பிறகு மாலையில் மழை பிடிக்கும்போது, ஏரிக்குள் வந்து சேரும் பெரிய வடிகாலின் வாயருகே போய் நிற்க வேண்டும். முதல் வெள்ளம் கறுப்பாக வரும். சாலையில் பல நாளாகப் படிந்த எண்ணெயும் டயர்த் தூளும் அதில் கரைந்திருக்கும். மேலே ஏழு நிறத்தில் ஒரு படலம் மிதக்கும். பின்னாலேயே பாலிஸ்டைரீன் சோற்றுப் பெட்டி, தே தாரிக் கட்டிக் கொடுத்த பை, கழுத்தில் முடிச்சு அவிழாத கயிறு, சிகரெட் துண்டுகள். இவை கண்ணுக்குத் தெரிகிற குப்பை, வலை கட்டினால் பிடித்துவிடலாம். கேடு செய்வது அதற்கும் பின்னால், மழை இல்லாத நாளிலும் மெலிதாக ஓடிக்கொண்டே இருக்கும் சாம்பல் நிறத் தண்ணீர். சமையற்கட்டுக் கழுநீர், துணி துவைத்த சோப்புத் தண்ணீர், கார் கழுவும் கடையின் நுரை, இரவுச் சந்தை முடிந்து கழுவிவிட்ட மீன் தண்ணீர், பல ஆண்டுகளாக அள்ளாத பழைய மலத்தொட்டியிலிருந்து வழிவது, பூங்காப் புல்லுக்குப் போட்ட உரம் என எல்லாம் அதில் கலந்திருக்கும். வடிகால் வாயில் திலாப்பியாக்கள் வாயைப் பிளந்து மேல்நீரை விழுங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் மற்றதைப் பரிசோதனைக்கூடம் சொல்லத் தேவையில்லை.

இந்தத் தண்ணீரில் பாஸ்பரசும் நைட்ரஜனும் இருக்கின்றன. பயிருக்கு எது உரமோ அதுவே பாசிக்கும் உரம். நம் ஊர் வெயிலில், தேங்கி நிற்கும் நீரில், பாசி சில நாளில் ஏரியை மூடிவிடும். பகலில் அது ஆக்சிஜனை வெளியிடும், இரவில் உறிஞ்சும். செத்து அடியில் படியும் பாசி அழுகும்போதும் ஆக்சிஜன்தான் செலவாகிறது. அதனால்தான் மீன்கள் விடியற்காலையில் சாகின்றன. இந்தச் சங்கிலியில் மிதிபடகு எந்தக் கண்ணி? அதில் இயந்திரம் இல்லை, எண்ணெய் இல்லை, சோப்பு இல்லை. இரண்டு பேர் காலால் மிதித்து ஏரியைச் சுற்றி வருவதால் ஒரு மில்லிகிராம் பாஸ்பரஸ்கூடக் கூடுவதில்லை.

மலேசிய தேசிய நீரியல் ஆய்வுக் கழகமான நாரிம், 2005-இல் நாட்டின் 90 ஏரிகளையும் நீர்த்தேக்கங்களையும் பற்றிய தகவல்களைத் திரட்டிப் பார்த்தது. அவற்றில் 56, அதாவது 62 விழுக்காடு, ஊட்டச்சத்து மிகுந்து கெட்ட நிலையில் இருந்தன. அந்தக் கணக்கு பேசுவது நீரில் மிகுந்துபோன சத்தைப் பற்றி. அது நிலத்திலிருந்து வருவது, துடுப்பிலிருந்து சொட்டுவது அல்ல.

வெளியிலிருந்தும் சாட்சி உண்டு. பெங்களூரின் பெல்லந்தூர் ஏரியில் படகுச் சவாரி கிடையாது, யாரும் இறங்குவதும் கிடையாது. ஆனாலும் 2017-இல் அந்த ஏரி தீப்பிடித்து எரிந்தது, அதன் நுரை சாலைக்குப் பறந்து வந்தது. நகரத்தின் கழிவுநீர் செய்த வேலை அது. ஊட்டி ஏரியில் எத்தனையோ ஆண்டுகளாகப் படகு ஓடுகிறது. அந்த ஏரியின் நோய்க்கு மூலம் எது என்று ஊட்டிக்காரர்களைக் கேட்டால், கைநீட்டிக் காட்டுவது கோடப்பமந்து கால்வாயை, படகு இல்லத்தை அல்ல. அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் ஏரியின் கதை இன்னும் தெளிவானது. சுற்றியிருந்த ஊர்களின் சுத்திகரித்த கழிவுநீர் ஏரிக்குள் விடப்பட்டதால் 1950-களில் அது பாசி பிடித்து நாறியது. 1963 முதல் 1968 வரை அந்தக் கழிவுநீரை முழுவதும் வேறு பக்கம் திருப்பினார்கள். ஏரி சில ஆண்டுகளிலேயே தெளியத் தொடங்கி, பத்தாண்டுக்குள் பல மடங்கு ஆழம் வரை கண்ணுக்குத் தெரிந்தது. ஏரியியல் பாடத்தில் இன்றும் சொல்லித்தரும் மீட்சி அது. அந்த ஏரியில் படகுகளை யாரும் நிறுத்தவில்லை.

இனி பெரிய தவறுக்கு வருகிறேன். மக்களை நீரிலிருந்து விலக்கினால் நீர் பிழைக்கும் என்பது நம்பிக்கை. நடப்பது நேர்மாறு. மக்கள் விலகிய நீருக்காகக் கேள்வி கேட்க ஆள் இல்லாமல் போகிறது.

நம் வீட்டு உதாரணமே இருக்கிறது. பத்துமலையில் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர்கள் ஒரு காலத்தில் பத்து ஆற்றில் முழுகி எழுந்து, ஈரத் துணியோடு கரையில் நின்று அலகு குத்திக்கொண்டு புறப்பட்டார்கள். பிறகு ஆறு கெட்டது. கரையில் குழாய்கள் வந்தன, பக்தர்கள் குழாயடியில் குளித்தார்கள். சுகாதாரத்துக்கு அது தேவைதான், கெட்ட ஆற்றில் முழுகச் சொல்ல மாட்டேன். ஆனால் குழாய் வந்த நாளோடு ஆற்றைப் பற்றிய கேள்வியும் அடங்கிவிட்டது. ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் கூடும் ஒரு சமுதாயம், தன் சடங்குக்கு வேண்டிய ஆற்றை மீட்டுத் தாருங்கள் என்று ஒரே குரலில் கேட்டிருந்தால், எந்த மந்திரி பெசாரும் அதைத் தட்டிக் கழித்திருக்க முடியாது. தேவை குழாய்க்கு மாறியதும் குரலும் போய்விட்டது. ஏரியில் படகை நிறுத்துவதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

இங்கிலாந்தில் கடலுக்குள் மலம் விடப்படுவதை அரசியல் பிரச்சினையாக்கியவர்களில் முன்னே நின்றது 1990-இல் கார்ன்வாலில் அலைச்சறுக்கு வீரர்கள் தொடங்கிய இயக்கம். தங்கள் வாயிலும் மூக்கிலும் போன தண்ணீர் என்பதால் அவர்களால் சும்மா இருக்க முடியவில்லை. அவ்வளவு தூரம் போவானேன், சிலாங்கூர் ஆறுகளில் பண்டாராயா என்ற அயல் மீனைப் பிடித்து அகற்றும் இளைஞர்கள் எந்த அரசாணைக்கும் காத்திருக்காமல், சேற்றில் இறங்குகிற பழக்கம் இருந்ததால்தான் அதைச் செய்கிறார்கள். வேலிக்கு வெளியே நின்று படம் எடுக்கிறவருக்கு நீரின் நிறம் மட்டுமே தெரியும். வாரம் தவறாமல் துடுப்புப் போடுகிறவருக்கு, போன வாரம் வராத வாடை இந்த வாரம் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று தெரியும். அப்படிப்பட்ட 20 பேர் ஓர் ஏரிக்கு இருந்தால், சம்பளம் வாங்காத 20 கண்காணிப்பாளர்கள் என்றே அர்த்தம்.

சிங்கப்பூர் இதைக் கொள்கையாகவே செய்தது. 2006-இல் தொடங்கிய நீர்நிலைத் திட்டத்தில், குடிநீர்த் தேக்கங்களையே மக்களுக்கு அருகில் கொண்டுவந்தார்கள். மெக்ரிட்சியில் கயாக் ஓட்டலாம், மரினா தேக்கத்தில் துடுப்பும் பாய்மரமும் உண்டு. தண்ணீரோடு பழகியவன் அதில் குப்பை போடத் தயங்குவான் என்ற கணக்கு அது. கிள்ளான் கேட்ஸ் அணையைத் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கோலாலம்பூர் குடிக்கும் தண்ணீர் அது, அதற்கான காவலும் கட்டுப்பாடும் இருக்கட்டும். நான் பேசுவது யாரும் குடிக்காத பூங்கா ஏரிகளைப் பற்றி. குடிக்கும் நீரிலேயே அண்டை நாட்டான் படகு விடுகிறான், குடிக்காத நீருக்கு நாம் பூட்டுப் போடுகிறோம்.

எலிக்காய்ச்சலை, அதாவது லெப்டோஸ்பைரோசிஸைச் சொல்லி என்னை மடக்குவார்கள். மடக்க வேண்டிய இடம்தான், எளிதாகக் கடந்துபோக மாட்டேன். 2010-இல் பகாங், மாரானில் உள்ள லூபோக் யூவில், நீரில் மூழ்கிய ஒருவரைத் தேடப் போனவர்களில் 8 பேர் மெலியோய்டோசிஸ், லெப்டோஸ்பைரோசிஸ் கிருமிகளால் பாதிக்கப்பட்டு இறந்தார்கள். அந்த ஆண்டிலேயே லெப்டோஸ்பைரோசிஸ் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயானது. இதை மறந்துவிட்டு யாரும் ஏரியைப் பற்றிப் பேசக்கூடாது. ஆனால் லூபோக் யூ சாக்கடை கலந்த நகர ஏரி அல்ல, காட்டு அருவி. பார்க்க அழகான நீரும் கொல்லும், பார்க்கப் பச்சையான நீர் படகுக்குத் தாங்கலாம். கண்ணை நம்ப முடியாது என்றால், அளக்க வேண்டும். அளப்பதற்கு நம்மிடம் அளவுகோல் இல்லாமலும் இல்லை. தேசிய நீர்த்தரத்தில் 2பி வகுப்பு என்பது உடல் படும் பொழுதுபோக்குக்கு ஏற்ற நீர். 100 மில்லி லிட்டரில் மலக் கோலிபார்ம் 400-க்கு மேல் போகக்கூடாது, அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. நாரிம் 2015-இல் ஏரிகளுக்கென்றே தரநிலை வகுத்தபோது, நீந்துவதற்கு ஒரு பிரிவு, படகு போன்ற பகுதித் தொடுதலுக்கு வேறொரு பிரிவு என்று பிரித்தே வைத்தது. நிபுணர்கள் பிரித்து வைத்ததை நிர்வாகம் ஒரே பூட்டில் சேர்த்துவிடுகிறது.

இன்னொன்று: லெப்டோஸ்பைரோசிஸ் எலியின் சிறுநீரில் வருகிறது. எலி, கடை பின்சந்தில் திறந்து கிடக்கும் சோற்றுத் தொட்டியில் வளர்கிறது. நோய்க்குப் பயந்து படகை நிறுத்துகிறவர்கள், அதே வேகத்தில் பின்சந்துக்குப் போய் குப்பைத் தொட்டிக்கு மூடி போட்டிருக்கிறார்களா? நம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் இதில் பங்கு உண்டு. சட்டி கழுவும் தொட்டிக்கு அடியில் எண்ணெய் வடிகட்டி இருக்க வேண்டும். பல இடங்களில் அது பெயருக்கு இருக்கிறது, அள்ளுவதில்லை. கெட்டியான கொழுப்பு வடிகாலில் வெள்ளையாகப் படிந்து கிடப்பதை பிரிக்பீல்ட்ஸ் சந்துகளில் நடக்கிறவர்கள் தாண்டித்தான் போகிறார்கள். அங்கிருந்து அது போவது கிள்ளான் ஆற்றுக்கு. "நம்ம ஜனங்கள விட்டா நாறடிச்சிடுவாங்க" என்று சொல்லும் அதே மேசைக்குப் பின்னால் நடக்கும் வேலை இது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் படகில் ஏற்றும் அப்பாவைவிட, அள்ளாத இந்த வடிகட்டிதான் நீருக்கு எதிரி.

ஆனால் பெட்ரோல் இயந்திரப் படகுகளைப் பற்றி எதிர்த்தரப்பு சொல்வது சரி. பழைய டூ-ஸ்ட்ரோக் இயந்திரம் குடிக்கும் எரிபொருளில் கால்பங்கு எரியாமலே தண்ணீரில் கலக்கும். சிறிய ஏரியில் ஜெட்ஸ்கி கரையை அரிக்கும், அடிச்சேற்றைக் கிளப்பி அதில் உறங்கும் பாஸ்பரசை மறுபடி நீரில் சேர்க்கும். அமெரிக்காவின் டாஹோ ஏரியில் அந்த வகை இயந்திரங்களை 1999-இலேயே தடை செய்தார்கள். நாமும் செய்யலாம், நாளைக்கே. துடுப்பு, மிதி, மின்கலம் இவை மூன்று மட்டும் போதும். இயந்திரத்தைத் தடுக்கச் சொன்னால் மனிதரையே தடுக்கிறார்களே, அதைத்தான் எதிர்க்கிறேன்.

மூழ்கிச் சாவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கின் ஏரிகளில் பல பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள். அவற்றின் ஓரம் சரிவாக இறங்காது, ஓரடிக்கு அப்பால் செங்குத்தாகப் போகும். பலகை நட்டால் பெரியவர்கள் படிப்பார்கள், பத்து வயதுப் பையன்கள் வேலியில் ஓட்டை தேடுவார்கள். மிதவைச் சட்டையும் காவலாளியும் இருக்கும் துறை மூடப்பட்டால், எஞ்சுவது காவலாளி இல்லாத கரை. அடுக்குமாடிப் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்புக்கும் வசதி இல்லை, பழக நீரும் இல்லை. 2021 டிசம்பர் 18 இரவை ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாக்காரர்கள் மறக்கவில்லை. தண்ணீர் ஒரு மாடி உயரத்துக்கு ஏறியபோது, அரசு இயந்திரம் வந்து சேர்வதற்குள் சொந்தக் கயாக்கும் படகும் கொண்டுவந்த சாதாரண மக்கள் குடும்பங்களைக் கரையேற்றினார்கள். எங்கோ ஓர் ஏரியில் துடுப்புப் பிடித்துப் பழகிய கைகளாகத்தான் அவை இருந்திருக்கும். வெள்ளம் அடிக்கடி வரும் பள்ளத்தாக்கில் படகோட்டத் தெரிவதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது எனக்குப் புரியவில்லை.

யார் நீருக்கு அருகில் போகலாம் என்ற கேள்வி இந்த நகரத்தில் நீரின் தரத்தைவிடப் பழையது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்தே போகக்கூடிய பெர்டானா ஏரி, ஆல்பிரட் வென்னிங் என்ற சிலாங்கூர் அரசுப் பொருளாளரின் யோசனையில் பள்ளத்தை அணைகட்டி உருவாக்கிய ஏரிப் பூங்கா, 1889-இல் திறக்கப்பட்டது. மறு ஆண்டு அதன் பக்கத்தில் லேக் கிளப் வந்தது, வெள்ளையருக்கு மட்டும். ரயில்வேயிலும் செங்கல் சூளையிலும் வேலை பார்த்த நம் முன்னோர் அந்த ஏரியைக் கரையிலிருந்து பார்த்திருப்பார்கள். இன்று நிறத்தடை இல்லை, பணத்தடை இருக்கிறது. ஏரி தெரியும் பலகணி என்று சொல்லி விலை ஏற்றி விற்கும் அடுக்ககங்கள் எத்தனை! பார்க்கும் உரிமைக்கு விலை உண்டு, தொடும் உரிமை யாருக்கும் இல்லை. தொடாதவர்கள் புகார் செய்வது வாடை வந்தால் மட்டுமே.

புத்ராஜெயா ஏரியை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பிராங் பெசார், மெடிங்லி, செட்ஜ்லி, கெலவே தோட்டங்களில் ரப்பர் வெட்டிய தமிழ்க் குடும்பங்களை டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு அனுப்பிவிட்டு எழுப்பிய நகரம் அது. அந்தக் காயம் ஒருபுறம் இருக்க, நீரைப் பொறுத்தவரை அங்கே செய்தது சரியான வரிசை. ஏரியை நிரப்புவதற்கு முன்பே, 1997-98-இல், மேல்நீர் வரும் வழியில் ஏறக்குறைய 200 ஹெக்டரில் 24 பாத்திகள் கொண்ட சதுப்பு நிலம் அமைத்து, ஒரு கோடிக்கு மேற்பட்ட நாணலும் கோரையும் நட்டார்கள். நீர் அதில் நின்று, வேர்களுக்கிடையே ஊர்ந்து, சத்தை விட்டுவிட்டு ஏரிக்குள் வருகிறது. அங்கே படகும் ஓடுகிறது, டிராகன் படகுப் போட்டியும் நடக்கிறது. அமைச்சர்களின் ஏரிக்கு வடிகாலில் கை வைத்தவர்கள், கம்போங் ஏரிக்கும் தாமான் ஏரிக்கும் பலகை நட்டுவிட்டுப் போகிறார்கள்.

பணம் இல்லை என்ற பதிலையும் ஏற்க முடியாது. 2012-இல் தொடங்கிய 'ரிவர் ஆஃப் லைஃப்' திட்டத்துக்கு 440 கோடி ரிங்கிட் என்று அறிவித்தார்கள். இலக்கு 2பி வகுப்பு. ஜாமெக் பள்ளிவாசலருகே ஆறுகள் கூடும் இடத்தில் நீல விளக்கும் செயற்கைப் பனிமூட்டமும் வந்தன. படம் எடுக்க நன்றாக இருக்கிறது. அதே காலத்தில், 2020 செப்டம்பரில், ரவாங்கில் ஒரு தொழிற்சாலைப் பகுதியிலிருந்து சிலாங்கூர் ஆற்றில் கலந்த கழிவின் வாடையால் சுத்திகரிப்பு ஆலைகள் நிறுத்தப்பட்டு, 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றது. பெரிய கேடு எங்கிருந்து வருகிறது என்று அந்த வாரம் வாளியோடு லாரிக்குக் காத்திருந்த ஒவ்வொரு குடும்பமும் பார்த்தது. அந்த ஆற்றில் யாரும் மிதிபடகு ஓட்டியதாகத் தெரியவில்லை.

ஆகவே கேட்க வேண்டியது இது. அமெரிக்காவின் பாஸ்டனில் சார்ல்ஸ் ஆற்றின் படகுத்துறைகளில் கொடி ஏற்றுகிறார்கள். பரிசோதனை சரியென்றால் நீலம், கிருமி கூடியிருந்தால் சிவப்பு. படகோட்டி கொடியைப் பார்த்துத் தானே முடிவெடுக்கிறான். நம் பூங்கா ஏரி ஒவ்வொன்றிலும் அப்படி ஒரு கொடியும், பக்கத்தில் அந்த வார அளவுகளைத் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் எழுதிய பலகையும் வேண்டும். கனமழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் துறை மூடட்டும், அதில் சண்டையில்லை. ஏரிக்குள் சேரும் ஒவ்வொரு வடிகாலுக்கும் எண் போட்டு, அது எந்தத் தெருக்களின் நீர் என்று வரைபடத்தில் காட்டட்டும். நீண்ட நாளைக்கு மூடுவதானால், எந்த எண் வடிகாலில் என்ன கண்டுபிடித்தார்கள், யாருக்கு அறிவிப்பு அனுப்பினார்கள், எந்தத் தேதியில் திறப்பார்கள் என்று பூட்டின்மேல் எழுதித் தொங்கவிட வேண்டும். இந்த விவரம் இல்லாத பூட்டை மாநகர் மன்றத்தின் நடவடிக்கை என்று நாம் ஏற்கக்கூடாது, வேலையைத் தள்ளிப்போடுவது என்று நேராகச் சொல்ல வேண்டும்.

பெர்டானா ஏரியிலிருந்து தொடங்கலாம். ஒரு காலத்தில் அங்கே படகு வாடகைக்குக் கிடைத்தது, பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும். சுற்றிலும் பெரும்பாலும் மரமும் புல்வெளியும் அரசு வளாகங்களும்தான், சந்தையும் தொழிற்பேட்டையும் கரையை நெருக்கவில்லை. வடிகால்களைக் கண்டுபிடித்து எண் போட மற்ற ஏரிகளைவிட அங்கே எளிது. ஒரு கொடிக்கம்பம், ஓர் அளவுப் பலகை, பத்து மிதிபடகு, இரண்டு காவலாளி. கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் ஒரு ஆண்டு பூச்செடிச் செலவைத் தாண்டாது என்றே நினைக்கிறேன். அங்கே சரியாக நடந்தால் அடுத்தது தித்திவங்சா, கெப்போங், ஷா ஆலாம் என்று போகலாம். நீர் சுத்தமாகும் வரை காத்திருந்து தொடங்கும் வேலை அல்ல இது. நீரைச் சுத்தமாக்கும் வேலையே அந்தப் பத்துப் படகிலிருந்துதான் தொடங்குகிறது.